வலி நின்றது... வீக்கம் வந்தது!

2016 தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. முறுக்கு சுட்டுக்கொண்டே, பதம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவ்வளவுதான்! வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சுரீரென்று கிளம்பிய வலி, காது வரைக்கும் ஓடியது. வாணலியில் எண்ணெய் காய்கிறது, பிசைந்த மாவு பாதிக்கு மேல் கிடக்கிறது. கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மீதியையும் சுட்டு முடித்தேன்.

பகலில் எப்படியோ சமாளித்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உயிர் போயிற்று. பல்வலிக்கும் ராத்திரிக்கும் அப்படி என்னதான் உறவோ என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது. பல்லுக்குள்ளே இருக்கும் சதை புண்பட்டு வீங்கப் பார்க்கிறது. ஆனால் சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. அந்த அழுத்தம்தான் விண்விண்ணென்று தெறிக்கிறது. ரெண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தாலே கொஞ்சம் அடங்கும். செலவில்லாத வைத்தியம்!

அன்றைக்கு எனக்கு இது தெரியாது. கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அத்தை எழுந்து வந்தார்கள்.

"ஏம்மா, வீட்டுல கிராம்பை வச்சுக்கிட்டா இப்படி அழுவுறே? ஒண்ணை எடுத்து அந்தப் பல்லு மேல வச்சு மெல்ல நசுக்கு. சாறு உள்ளே இறங்கட்டும், அவசரப்படாதே."

பத்து நிமிஷத்தில் அந்த இடம் மரத்துப் போயிற்று. கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற சத்து செய்யும் வேலை இது. பல் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை அடிக்குமே, அதுவும் இந்தக் கிராம்பு எண்ணெய்தான். தற்காலிகமாகப் பல்லை அடைக்க, துத்தநாக ஆக்சைடு பொடியை இந்த எண்ணெயில் குழைத்து வைப்பார்கள். அத்தை கைவைத்தியத்தை அவ்வளவு லேசாக நினைத்துவிடாதீர்கள்!

கிராம்பு வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது செங்குத்தாக நிற்கும். படுத்துக்கொண்டு மிதந்தால் அது சத்துப் போன சக்கை. கடையில் விற்கும் கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றக் கூடாது, ஈறு வெந்துவிடும். ஒரு சொட்டை நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு இந்தத் தைலம் வேண்டவே வேண்டாம். விழுங்கிவிட்டால் ஆபத்து.

மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளிப்பது. பல்லில் சிக்கியிருக்கும் துணுக்கு வெளியே வந்துவிட்டாலே பாதி வலி போகும். தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தர் எருக்கம்பால் வைக்கச் சொன்னார். நல்லவேளை, அத்தை விடவில்லை. அது வாயைப் புண்ணாக்கிவிடும், கையிலிருந்து கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. இன்னொருத்தர் வலி மாத்திரையை ஈறில் வைத்து அடக்கச் சொன்னார். அதுவும் ஈறைப் பொசுக்கும். மாத்திரை விழுங்குவதற்குத்தான்.

அத்தை ஊரில் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, புகையைப் பல்லில் பிடிப்பார்களாம். "புழு பொலபொலன்னு விழும்" என்பார்கள். பல்லில் புழு கிடையாது. 1728-லேயே பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு பல் மருத்துவர், தேடிப் பார்த்தும் புழுவைக் காணோம் என்று தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். நாம் தின்னும் இனிப்பைக் கிருமிகள் புளிக்க வைக்கின்றன. அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ரெண்டு வாரம் கிராம்பும் உப்புத் தண்ணீருமாக ஓடியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் வலியே இல்லை! சூடு பட்டாலும் இல்லை, சில்லென்று தண்ணீர் குடித்தாலும் இல்லை. "டாக்டருக்கு ஒரு பைசா கொடுக்காம குணமாக்கிட்டோம்" என்று இவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். பழையபடி அந்தப் பக்கமே மென்றும் சாப்பிட்டேன்.

பொங்கல் வந்தது. போகிக்கு முதல் நாள் கண் விழித்தால் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. கன்னம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. நான் செய்த அசட்டுத்தனம், உப்பை வறுத்துத் துணியில் கட்டிச் சுடச்சுட ஒத்தடம் கொடுத்தது. மத்தியானத்துக்குள் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிவிட்டது. பல் வீக்கத்துக்குச் சூடு ஆகாது. வேண்டுமானால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வெளிக் கன்னத்தில் வைக்கலாம்.

பல் டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வலி எப்போம்மா நின்னுச்சு?"

"தீபாவளி கழிச்சு, அதுவா நின்னுடுச்சு டாக்டர்."

"அதுவா நிக்கலைம்மா. உள்ளே இருந்த நரம்பு செத்துப் போச்சு. அப்புறம் எப்படி வலிக்கும்? கிருமி வேர் வழியா எலும்புக்குள்ளே இறங்கி, அங்கே சீழ் கட்டியிருக்கு."

தீபாவளி சமயத்திலேயே போயிருந்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றியிருக்கலாமாம். வலிதான் இல்லையே என்று அதிலேயே மென்றதில் பல் வேர் வரை பிளந்துவிட்டது. சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, பல்லையும் எடுத்துவிட்டார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வீக்கம் கழுத்துக்குப் போய் மூச்சையே அடைச்சிருக்கும்" என்று அவர் சொன்னபோது இவர் முகம் வெளுத்துப் போயிற்று.

அதனால் சகோதரிகளே, வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம் இவற்றில் எது வந்தாலும் கிராம்பு டப்பாவைத் தேடாதீர்கள், உடனே கிளம்புங்கள். மூச்சு விடச் சிரமம் என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. கர்ப்பிணிகள் பலர் பிரசவம் ஆகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். தேவையே இல்லை, கர்ப்ப காலத்திலும் பல்லுக்கு வைத்தியம் செய்துகொள்ளலாம். டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என் கன்னத்தைத் தடவினார்கள். "எனக்கும் இப்படித்தாம்மா. வலிக்கும், கிராம்பு வைப்பேன், நின்னுடும். அப்புறம் பல்லு ஆடி விழும். வயசானா விழும்னு நெனச்சேன். அம்பது வயசுல ஒரு பல்லு இல்லை" என்றார்கள்.

இப்போதும் தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் அத்தையிடம்தான் வருகிறார்கள். அத்தையும் கிராம்பை எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் கையை விடுவதில்லை. "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லு, அப்பத்தான் விடுவேன்!"