மலைப் பிளம்ஸ் பழத்தில் வீட்டு ஜாம் செய்யும் முறை

நீலகிரி மலையில் குன்னூர், கோத்தகிரி முதலிய இடங்களில் மே மாதந் தொடங்கி ஜூலை மாதம் வரையில் பிளம்ஸ் பழம் பழுக்கின்றது. அக்காலத்தில் மலையினின்று இறங்கும் பழக் கூடைகள் மேட்டுப்பாளையத்தின் வழியாகக் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு ஆகிய ஊர்களின் கடைகளுக்கு வந்து சேருகின்றன. பெருத்தும் இனித்தும் உள்ள பழத்தை வாங்குவோர் விரும்பி எடுத்துக்கொள்வர். சிறுத்தும் புளித்தும் உள்ள பழமோ கூடையின் அடியில் தங்கிவிடும். தென்மேற்குப் பருவமழையும் இப்பருவத்திலேயே பெய்வதால், நீர் ஏறிய பழம் தோல் வெடித்து இரண்டு மூன்று நாட்களுக்குள் அழுகத் தொடங்கும். மரம் வளர்த்தவருக்குப் பறிகூலியும் தேறாமற் போவது இதனாலேயே.

இவ்வாறு கழித்து ஒதுக்கப்படும் சிறிய புளிப்புப் பழமே ஜாம் செய்வதற்கு முதல் தரமானது. இதைப் பலர் அறியார். அறிந்து முயல்வோரிலும் சிலர், பதம் தவறி ஜாம் நீர்த்துப் போனதையோ பூசணம் பூத்ததையோ கண்டு, பழத்தோடு சர்க்கரையும் வீணாயிற்றே என்று அம்முயற்சியையே கைவிட்டு விடுகின்றனர். முறை அறிந்து செய்தால் இந்நஷ்டம் நேராது.

பழத்தின் வகை

மேல்நாடுகளில் இவ்வேலைக்கு விசேஷமாக உபயோகிக்கப்படுவது செர்ரி பிளம் என்னும் சிறு பழம். தாவர நூலார் இதனைப் புரூனஸ் செராசிஃபெரா என்பர். பெரிய நெல்லிக்கனி அளவில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும், புளிப்பு மிகுதி. தென்கிழக்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இது தானே வளருகின்றது. ஜார்ஜியா நாட்டார் இதனைப் பூண்டும் வாசனை இலைகளும் சேர்த்து அரைத்து, நம்மவர் துவையல் போல, இறைச்சியுடன் தொட்டு உண்கின்றனர். ஆங்கில நூல்களில் இம்மரத்திற்கு மைரபாலன் என்றும் பெயர் உண்டு. அப்பெயராலேயே கடுக்காயும் குறிக்கப்படுவதால், படிப்போர் ஒன்றை மற்றொன்றாக மயங்கலாகாது. நாட்டு மருந்துக் கடைகளில் ஆல்பகோடா என்ற பெயரில் விற்கப்படுவதும் உலர்த்திய பிளம்ஸ் வகையே.

நீலகிரியில் பயிராகும் ரூபியோ, ஹேல், கேவியோட்டா முதலிய ரகங்கள் செர்ரி பிளம்முக்கு நெருங்கிய உறவினவாயினும் சற்றுப் பெரியவை. குன்னூரில் 1920-ம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசாங்கப் பழ ஆராய்ச்சிப் பண்ணை, மலைப்பகுதிக்கு ஏற்ற பழ மரங்களைப் பரப்புவதற்குப் பெரிதும் உதவியது. பிளம்ஸ் மரம் பூத்துக் காய்ப்பதற்குக் குளிர்காலத்தில் போதிய குளிர் தொடர்ந்து வேண்டும். ஆகவே, கோயம்புத்தூர்ச் சமவெளியில் இதனை நட்டுப் பலன் எதிர்பார்த்தல் கூடாது. சமவெளியார் பழத்தை வாங்கிச் செய்வதே முறை.

ஜாம் இறுகுவதன் காரணம்

பழம் சர்க்கரைப் பாகில் மிதப்பது ஜாம் ஆகாது. ஆறியபின் தானே இறுகி, கரண்டியால் எடுத்தால் வழியாமல் நிற்பதே ஜாம். இதற்குப் பெக்டின், புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் தக்க அளவில் கூட வேண்டும்.

பெக்டின் என்பது பழச் சதையில் இயற்கையாக உள்ள பசைப் பொருள். செங்காய்ப் பருவத்தில் இது மிகுந்தும் பலமாகவும் இருக்கும். பழம் மிகக் கனிந்தால் சிதைந்து பலம் குறையும். புளிப்பு இப்பசையின் இழைகள் ஒன்றோடொன்று பிணைவதற்கு உதவுகின்றது. சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டு அப்பிணைப்பை உறுதிப்படுத்துகின்றது. சிறிய புளிப்புப் பிளம்ஸில் முதலிரண்டும் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. சந்தையில் அதன் குறையாக எண்ணப்படும் புளிப்பே அடுப்பில் அதன் குணமாகின்றது.

சர்க்கரைக்கு மற்றொரு வேலையும் உண்டு. ஊறுகாயை உப்பு காப்பது போல ஜாமைச் சர்க்கரை காக்கின்றது. 100 பங்கு ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 பங்கிற்குக் குறையாதிருந்தால், பெரும்பாலான நுண்ணுயிர்கள் வளர்வதற்கு வேண்டிய நீர் அவற்றிற்குக் கிட்டுவதில்லை. சிக்கனம் கருதிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைப்போர் ஜாம் முழுவதையும் இழக்க நேர்வது இதனாலேயே.

வேண்டிய பொருள்களும் பாத்திரங்களும்

பழத்தில் முக்கால் பங்கு நன்கு பழுத்ததாகவும் கால் பங்கு செங்காயாகவும் இருத்தல் நலம். அழுகியதையும் பூசணம் படிந்ததையும் அடியோடு நீக்கிவிட வேண்டும். கொட்டை நீக்கிய பழக்கூழ் 1 கிலோவுக்கு வெள்ளைச் சர்க்கரை 1 கிலோ சேர்க்கலாம். புளிப்புக் குறைந்த இனிப்புப் பழமாயின் சர்க்கரை 750 கிராம் போதும். அத்துடன் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றைச் சேர்ப்பது அவசியம்.

நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் உபயோகித்தால் நிறம் கருக்கும். பழத்தின் வாசனையும் மறையும். மேலும் கரும்புச் சாற்றைத் தெளிவிப்பதற்குச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கமாதலால், அது எஞ்சி நின்று பழத்தின் புளிப்பைச் சிறிது முறிக்கவும் கூடும். முதன்முறையாகச் செய்வோர் வெள்ளைச் சர்க்கரையைக் கொண்டே பழகுதல் நன்று.

பாத்திரம் அகன்ற வாயுடைய எவர்சில்வர் பாத்திரமாயிருக்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றைப் புளிப்பு அரிக்கும். கிளறுவதற்கு நீண்ட மரக் கரண்டியும், தராசும், வாயகன்ற கண்ணாடிப் புட்டிகளும் வேண்டும்.

செய்முறை

1. பழங்களைக் காம்பு நீக்கி இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவுக. 1 கிலோ பழத்திற்கு 100 முதல் 150 மில்லி வரை நீர் விட்டு, மெல்லிய தீயில் மூடி வேக வைக்க. நீர் மிகுந்தால் பின்னர் அதனைச் சுண்டவைப்பதற்கு வீணாக நேரமும் விறகும் செலவாகும்.

2. தோல் நன்றாகக் குழையும் வரையில் சர்க்கரை சேர்க்கலாகாது. சர்க்கரை சேர்ந்த பிறகு தோல் மென்மையாவது அரிது. பெக்டினும் இவ்வேகவைப்பிலேயே பழத்தினின்று வெளிப்படுகின்றது.

3. வெந்த பழத்தைப் பெரிய கண்ணுள்ள சல்லடையில் தேய்த்துக் கொட்டைகளை நீக்குக. கொட்டையை உடைத்துப் பருப்பைச் சேர்த்தல் கூடாது. அப்பருப்பினின்று நச்சுப்பொருள் உண்டாகும்.

4. காலிப் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொள்க. பின்னர்க் கூழை நிறுத்து, அளவான சர்க்கரையைச் சேர்த்து, மெல்லிய தீயில் முழுதும் கரையும் வரையில் கிளறுக.

5. கரைந்தபின் தீயை மிகுத்து விரைவாகக் கொதிக்க விடுக. ஒரே முறையில் 2 கிலோ கூழுக்கு மேல் காய்ச்சாதிருத்தல் நலம். மிகுதியாக வைத்து நெடுநேரம் காய்ச்சினால் பெக்டின் சிதைந்து, ஜாம் இறுகாமற் போவதுடன் நிறமும் கெடும். அடி பிடிக்காமல் இடைவிடாது கிளற வேண்டும். கொதிக்கும் கூழ் தெறிக்குமாதலால் குழந்தைகளை அருகில் விடலாகாது.

பதம் அறிதல்

கவுந்தப்பாடி முதலிய இடங்களில் கரும்புச் சாறு காய்ச்சுவோர்க்குப் பதம் என்பதை விளக்க வேண்டுவதில்லை. தண்ணீரில் விட்ட பாகு உருளுவதைக் கண்டே கொப்பரையை இறக்குவர். ஆனால் வெல்லப் பாகு 118 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி இறக்கப்படுவது. ஜாமின் பதமோ அதற்கு வெகு முன்னதாகவே வந்துவிடும். வெல்லப் பழக்கத்தில் ஜாமையும் கெட்டியாகும் வரையில் காய்ச்சினால், ஆறியபின் அது மிட்டாய் போலக் கடினமாகிவிடும். அடுப்பில் இருக்கும்போது சற்று இளகியே காணும் ஜாம்தான் ஆறியபின் சரியாக இறுகும்.

பதத்தை மூன்று வழிகளால் அறியலாம். முதலாவது தட்டுச் சோதனை. குளிர்ந்த பீங்கான் தட்டில் ஒரு துளி விட்டு, ஆறியபின் விரலால் தள்ளினால் மேற்புறம் சுருங்க வேண்டும். சோதிக்கும்போது பாத்திரத்தை அடுப்பினின்று இறக்கி வைக்க வேண்டும். இல்லையேல் அதற்குள் பதம் கடந்துவிடும்.

இரண்டாவது எடைச் சோதனை. 1 கிலோ கூழும் 1 கிலோ சர்க்கரையும் கொண்டு தொடங்கினால், பாத்திர எடை நீங்கலாக 1,600 முதல் 1,650 கிராம் வரை சுண்டியதும் இறக்க வேண்டும். புதிதாகச் செய்வோர் இதனைக் கைக்கொள்வது நலம்.

மூன்றாவது வெப்பமானி. புத்தகங்களில் ஜாமை 105 டிகிரியில் இறக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைக் காணலாம். இது கடல் மட்டத்திலுள்ள ஊர்களுக்கே பொருந்தும். உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால், ஜாமின் பதமும் குறைந்த வெப்பத்திலேயே வரும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திற்கு 1 டிகிரி குறையும். சுமார் 410 மீட்டர் உயரத்திலுள்ள கோயம்புத்தூரில் பதம் 103 டிகிரியை ஒட்டியும், சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் 98 அல்லது 99 டிகிரியிலும், உதகமண்டலத்தில் 97 டிகிரியை ஒட்டியும் வரும். குன்னூரில் ஒருவர் புத்தகத்தை நம்பி 105 டிகிரி வரையில் காய்ச்சினால் பழமும் சர்க்கரையும் பாழாகும். ஆதலால், எவ்வூரிலும் முதலில் வெறும் நீரைக் கொதிக்கவைத்து வெப்பமானி காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் நாலரை டிகிரி ஏறியதும் ஜாமை இறக்குக. இம்முறையில் வெப்பமானியிலுள்ள சிறு பிழையும் தானே சரியாகிவிடும்.

புட்டியில் அடைத்தல்

புட்டிகளைச் சோப்பு நீரில் கழுவி, நீரில் மூழ்கவைத்து 10 நிமிஷம் கொதிக்கவிட்டு, ஜாம் தயாராகும் வரையில் சூடாகவே வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த புட்டியில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். புட்டிகளை மரப்பலகையின் மேல் வைத்து, ஜாம் 85 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை நிரப்பி, கொதிநீரில் இட்டெடுத்த திருகு மூடியால் உடனே மூடுக. மெழுகு ஊற்றி மூடும் பழைய வழக்கத்தில் ஓரங்களில் இடைவெளி விழுந்து பூசணம் புகக்கூடும்; திருகு மூடியே நன்று. ஒவ்வொரு புட்டியிலும் செய்த தேதியை எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைக்க. திறந்தபின் உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுத்து, கூடுமாயின் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும்.

நேரக்கூடிய குறைகள்

ஜாம் இறுகாமல் நீர்த்திருந்தால், பழம் மிகக் கனிந்ததாயிருக்கும். அல்லது புளிப்புக் குறைந்தோ சுண்டுவது போதாமலோ இருக்கும். சர்க்கரை மணியாகப் பிரிந்தால், சர்க்கரை மிகுந்தது அல்லது புளிப்புப் போதவில்லை என்று அறிக. இறுகிய ஜாமினின்று நீர் கசிந்தால் புளிப்பு மிகுந்ததாகும். புளித்து நுரைத்தால் சர்க்கரை குறைவு. பூசணம் பூத்தால் மேற்புறத்தை மட்டும் நீக்கி உண்ணுதல் தகாது. புட்டியிலுள்ள முழுவதையும் கழித்துவிட வேண்டும்.

சமவெளிப் பழங்கள்

இம்முறையை அறிந்தவர் பிளம்ஸ் பருவம் முடிந்தபின் கை கட்டி இருக்க வேண்டுவதில்லை. கொங்கு நாட்டுக் காடுகளிலும் வேலிகளிலும் விளையும் களாக்காய், பெக்டினும் புளிப்பும் ஒருங்கே மிகுந்தது. கொய்யாவில் பெக்டின் மிகுதி, பழுத்தபின் புளிப்புக் குறைவு. பப்பாளியிலும் புளிப்புக் குறைவு. ஆகையால் இவ்விரண்டிற்கும் எலுமிச்சம்பழச் சாறு சேர்த்தே செய்ய வேண்டும்.

விற்பனை செய்வோர் கவனத்திற்கு

வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதை விற்க விரும்புவோர், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்வது அவசியம். ஜாமில் பழப்பங்கு நூற்றுக்கு 45-க்கும், கரைந்த திடப்பொருள் 65-க்கும் குறையலாகாது என்பது விதி. மேலே கூறிய அளவின்படி செய்த ஜாம் இவ்விரண்டு நிபந்தனைகளுக்கும் உட்பட்டே இருக்கும். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையத்தார் பழம் பதப்படுத்துவதில் பயிற்சி அளிக்கின்றனர். கிராம உத்தியோகஸ்தர்கள் இச்செய்தியைத் தங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு எடுத்துக் கூறினால் பெரிதும் பயன்படும்.

முதல் ஆண்டிலேயே பெருமுதல் போட வேண்டுவதில்லை. 1 கிலோ கூழில் தொடங்கி, எடை பார்த்துப் பதம் பழகி, மூன்று புட்டிகள் ஒரு மாதம் கெடாமல் நிற்பதைக் கண்ணாரக் கண்டபின் அளவைக் கூட்டுவதே விவேகம். கூடையின் அடியில் கிடந்து அழுகும் பழம் இவ்வாறு ஆண்டு முழுவதும் வீட்டுக்குதவும் பண்டமாகும்.