எரிமலை இல்லாத மலையில் எரிமலை மண்

நீலகிரியில் எரிமலை கிடையாது. ஊட்டியைச் சுற்றி நிற்கும் சிகரங்கள் எல்லாம் சார்னோகைட் பாறை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிய பாறை அது. (கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையின் மேல் கிடப்பது நம்மூர்ப் பல்லாவரம் பக்கத்துக் கல். அந்தக் கல்லறையை வைத்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பாறைக்குப் பெயரிட்டார்.) இப்படிப்பட்ட கிழட்டுப் பாறையின் தலையில், ஜப்பானிலும் ஜாவாவிலும் ஐஸ்லாந்திலும் எரிமலைச் சாம்பலிலிருந்து உருவாகும் மண்ணை ஒத்த மண் கிடக்கிறது. மண்ணியலார் அதை ஆண்டோசால் வகையில் சேர்க்கிறார்கள். உலகின் நிலப்பரப்பில் இந்த வகை மண் சுமார் ஒரு விழுக்காடுதான். அதில் மிகப்பெரும் பகுதி எரிமலைகளின் அடிவாரங்களில் இருக்கிறது.

பைக்காரா, அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கம் மலையை வெட்டிச் சாலை போட்ட இடங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேலே புல். அதன் கீழே முழங்கால் ஆழத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு அடுக்கு. அதற்கும் கீழே திடீரென்று மஞ்சளும் சிவப்புமாக, நம் சமவெளிச் செம்மண்ணின் உறவு போல ஒரு மண். மேலடுக்கை அள்ளினால் கை ஏமாந்துபோகும். பார்வைக்குத் தோன்றும் கனம் அதில் இருக்காது. சாதாரண வயல் மண் ஒரு கன செ.மீ.க்கு 1.3 கிராம் அளவில் இருக்கும். ஆண்டோசால் என்று ஒரு மண்ணை ஏற்க வேண்டுமானால் அது 0.9 கிராமைத் தாண்டக் கூடாது. மிச்ச இடமெல்லாம் நுண்துளைகள். மழை பெய்தால் தண்ணீர் போய் உட்காருவது அங்கேதான்.

எரிமலை இல்லாமல் இது எப்படி வந்தது? 2000-ஆம் ஆண்டில் லொரான் கானே, ஜெரார் பூர்ஜோன் உள்ளிட்ட மண்ணியலாளர்கள் ஐரோப்பிய மண்ணியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. பதில் அலுமினியத்தில் இருக்கிறது. எரிமலைச் சாம்பலில் உள்ள கண்ணாடித் துகள்கள் எளிதில் சிதைந்து அலுமினியத்தைத் தாராளமாக வெளிவிடும். அந்த அலுமினியம் மக்கிய இலைதழைகளோடு பிணைந்துகொள்ளும். அப்படிப் பிணைந்த மட்கை நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாது. அதனால் மட்கு சேர்ந்துகொண்டே போய் மண் கறுத்துவிடுகிறது.

நீலகிரி இதே இடத்துக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. இளம் சாம்பலுக்குப் பதில் இங்கே இருப்பது, கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நைந்துபோன பாறை. கரையக்கூடிய சிலிக்காவெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட, கடைசியில் தங்கியது கிப்சைட் என்ற அலுமினியக் கனிமம். பாக்சைட்டில் இருப்பதும் இதுதான். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே குளிர், ஈரம், ஓயாமல் விழுந்து மக்கும் புல். மட்கிலிருந்து கசியும் அமிலங்கள் அந்தப் பழைய அலுமினியத்தைக் கிளப்பித் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன. எரிமலை சில ஆயிரம் ஆண்டுகளில் முடிக்கிற வேலையை, நைந்த பாறையும் குளிரும் சேர்ந்து வேறு வழியில் முடித்திருக்கின்றன. என்னைக் கேட்டால், தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் உயரத்தைவிட இதுதான் நீலகிரியின் பெரிய அதிசயம்.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பினால்ப்தலீன் தோய்த்த வடிதாளில் ஒரு சிட்டிகை மண்ணை வைத்துச் சோடியம் ஃபுளோரைடு கரைசலை ஊற்ற வேண்டும். ஃபுளோரைடு, அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சிலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்த ஹைட்ராக்சில் காரத்தன்மையைக் கூட்ட, தாள் இளஞ்சிவப்பாகும். கறுப்பு மண்ணிலிருந்து ரோஜா நிறம் கிளம்புவது கல்லூரி மாணவர்களுக்குக் காட்டத் தகுந்த வேடிக்கை.

உழவர்களுக்கு இதே அலுமினியம் தலைவலி. பயிருக்குப் போடும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பேட்டை, அது கவ்விக்கொண்டு விடாது. மண்ணில் சத்து இருக்கும், வேருக்குக் கிடைக்காது. உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைவித்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் மலை விவசாயி சூப்பர் பாஸ்பேட்டை வாரி இறைப்பதிலும் சுண்ணாம்பு, டோலமைட் தேடுவதிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது. குன்னூர், கோத்தகிரித் தேயிலைக்கு இந்தத் தொல்லை குறைவு. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி, அலுமினியத்தை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் அபூர்வப் பிறவி.

இனி, இந்த மண் வைத்திருக்கும் நினைவு. சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளின் அடியில், புல்வெளியிலிருந்து வழிந்து வந்ததெல்லாம் தேங்கிப் பாதி மக்கிய நிலையில் ‘பீட்’ என்ற கறுப்புக் குவியலாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. வெப்ப மண்டலப் புற்கள் பெரும்பாலும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு, மரங்கள் செய்யும் விதம் வேறு. அதனால் அவை சேர்த்துக்கொள்ளும் கார்பன்-13 அளவும் மாறும். புல் மக்கிய மண்ணையும் மரம் மக்கிய மண்ணையும் ஆய்வகத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். யானை ஆய்வுக்குப் பெயர்பெற்ற ரா. சுகுமாரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ரமேஷும் சக ஆய்வாளர்களும் இந்த முறையில் நீலகிரிப் பீட்டைப் படித்து, 1993-இல் ‘நேச்சர்’ இதழில் 20,000 ஆண்டுத் தட்பவெப்ப வரலாற்றை வெளியிட்டார்கள். பனியுகத்தின் உச்சத்தில் வறட்சி, எங்கும் புல்லின் ஆட்சி. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்தபோது மரங்களின் பங்கு ஏறியது. மலைச்சரிவின் மண்ணிலும் இதே கதை இருக்கிறது. இன்று சோலையாக, அதாவது மலைக்காடாக, இருக்கும் சில இடங்களில் தோண்டிப் பார்த்தால் அடியில் புல்லின் கார்பன் கிடைக்கிறது.

ஆகவே, நீலகிரியின் புல்வெளி யாரோ காட்டை அழித்ததால் வந்தது என்ற பழைய பேச்சு நிற்காது. மனிதர்கள் மலையேறி மாடு மேய்த்து நெருப்பு வைத்திருக்கலாம். தோடர்களின் எருமைகளும் மந்து எனப்படும் குடியிருப்புகளும் இந்தப் புல்லை நம்பித்தான் இருந்தன. ஆனால் புல் அவர்களுக்கெல்லாம் மூத்தது. சோலைக்கும் புல்லுக்கும் அடியில் கிடப்பது ஒரே குடும்பத்துக் கறுப்பு மண்தான், மண்ணைக் குறை சொல்லவும் வழியில்லை. திறந்த வெளியில் சோலைக் கன்றுகள் பிழைக்காததற்கு முக்கியக் காரணம் குளிர்கால உறைபனி என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

வெள்ளைக்கார வனத்துறைக்கு இதெல்லாம் தெரியாது. மரம் இல்லாத நிலம் வெறும் நிலம் என்ற கணக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரத்தையும் வாட்டில் எனப்படும் சீகை மரத்தையும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை, பெருகியது. அந்த நடவுக்குக் கொடுத்த விலையை ஊட்டியிலுள்ள மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அளந்து சொன்னது. கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடைப் பகுதிகளை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து ஆண்டில் ஓடையின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரங்கள் மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் சரிவு சுமார் 25 விழுக்காடு. பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறோம், குந்தாவில் அணைக்குப் பின் அணையாகக் கட்டியிருக்கிறோம், பவானி வழியாக ஈரோட்டு வயல் வரை பாய்ச்சுகிறோம். இதற்கெல்லாம் மூலதனம் மேலே கிடக்கும் அந்தக் கறுப்பு அடுக்கு.

அதன் பலவீனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டோசால் ஒருமுறை நன்றாக உலர்ந்துவிட்டால் பழையபடி நீர் பிடிக்காது. தூளாகித் தண்ணீரைத் தள்ளும். உழுது திறந்து போட்டால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காத்த கார்பனும் காற்றில் கலக்கத் தொடங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையைத் தாங்க வேண்டிய சரிவுகளில் புல் வேர் இல்லாத மண் எத்தனை நாள் நிற்கும்?

அயல்மரங்களை அகற்றும் வேலைக்குத் தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்ல காரியம், ஆனால் மரத்தை எடுக்கிறோம் என்று எந்திரத்தை விட்டு வேரோடு கிளறினால் மரத்தோடு மண்ணும் போய்விடும். இன்னொரு பக்கம், விடுமுறைக்கு ஊட்டி வந்து புண்ணியத்துக்கு மரக்கன்று நடும் கூட்டமும் பெருகுகிறது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கன்றை ஊரிலேயே நடுங்கள், நீலகிரிப் புல்வெளியில் நடாதீர்கள்.