அறுவை சிகிச்சைக்குப் பின் காவல் நாயின் சிறுநீரைக் கவனியுங்கள்

தோப்புக் காவலுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நாய் வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த நாய் வீட்டுக்குள் வருவதில்லை, கொட்டகையில்தான் கிடக்கும். அது எப்போது சிறுநீர் கழிக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் கருத்தடையோ, கட்டி அகற்றுவதோ, எந்த அறுவை சிகிச்சை முடிந்து வந்தாலும் முதல் மூன்று நாட்கள் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதல் நாள் சிறுநீர் குறைவது வழக்கம்தான். சிகிச்சைக்கு முன் நாயைப் பட்டினி போட்டிருப்பார்கள். மயக்கத்தில் இரத்த அழுத்தம் இறங்குவதால் சிறுநீர் குறைவாகவே உண்டாகும். தையல் வலியால் நாய் குந்தவும் தயங்கும். மாறாக, டிரிப் ஏற்றியிருந்தால் அன்று அதிகமாகவும் போகலாம். மயக்கம் தெளியாமல் படுத்த இடத்திலேயே கழித்துவிட்டால் அதட்டாதீர்கள். அது அறியாமல் நடப்பது.

நலமான நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 1 முதல் 2 மில்லி சிறுநீர் ஊறும். 15 கிலோ நாய் என்றால் நாளொன்றுக்கு 360 முதல் 720 மில்லி. இதை அளக்க வேண்டியதில்லை. எத்தனை முறை கழித்தது, என்ன நிறம் என்று ஒரு தாளில் குறித்து வந்தால் போதும்.

12 மணி நேரமாகியும் ஒருமுறைகூடக் கழிக்கவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்து கேளுங்கள். 24 மணி நேரம் கடக்க விடாதீர்கள்.

முக்கி முக்கிப் பார்த்தும் சொட்டுச் சொட்டாகவே வந்தால், அல்லது எதுவுமே வராவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாதை அடைத்திருந்தால் கழிவுகள் இரத்தத்தில் தேங்கி, ஓரிரு நாளில் உயிரே போகலாம். கல் அடைப்பு ஆண் நாய்களுக்கே அதிகம் வரும்.

சிறுநீர்க்குழாய் போட்டிருந்தால் முதல் நாள் இலேசான இளஞ்சிவப்பு நிறம் தெரியலாம். அடர் சிவப்போ இரத்தக் கட்டியோ வந்தால் உடனே காட்டுங்கள். சிறுநீர் குறைவதோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தாலும் அப்படியே.

வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஐபுபுரோஃபன் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். மயக்கத்திலிருக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தெளிந்த பின் கிண்ணத்தில் வைத்தால் தானே குடிக்கும்.

நனைந்த சாக்கை உடனே மாற்றுங்கள்; ஈரம் பட்டால் தையல் சீழ் பிடிக்கும். நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமியும் பரவலாம் என்பதால் கையுறை அணிந்து, பின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வேலைக்குத் தனி உடை வைத்துக்கொண்டால் தொழுகை உடை சுத்தமாக இருக்கும்.

தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தோல் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிப்புப் பெற்ற செய்தியை நாம் அறிவோம். நம் தோப்பைக் காக்கும் வாயில்லா ஜீவனுக்காக மூன்று நாள் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பது நமக்குப் பெரிய சிரமமில்லை.