விரிதாள் வாய்பாடுகளும் கணக்கின் நேர்மையும்

தமிழ் பயிலும் மாணவர்க்கு ‘வாய்பாடு’ என்னும் சொல் புதிதன்று. நேரசை இரண்டு சேரின் தேமா. நிரையசையும் நேரசையும் சேரின் புளிமா. சொல் எதுவாயினும் வாய்பாடு ஒன்றே. எக்செல், கால்க் போன்ற கணினி விரிதாள்களில் நாம் எழுதும் வாய்பாடும் அத்தகையதே. எண்கள் மாறினும் செய்முறை மாறாது. 1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆக்கிய விசிகால்க், இம்முறையைத் தனியாள் கணினிக்குக் கொணர்ந்தது.

விரிதாளின் நெடுவரிசைக்கு எழுத்தும் கிடைவரிசைக்கு எண்ணும் பெயராகும். எனவே இரண்டாம் நெடுவரிசையின் மூன்றாம் கட்டம் ‘பி3’ எனப்படும். சமக்குறியுடன் தொடங்குவதே வாய்பாடு. தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்துகளில் இடுதல் வேண்டும். ஈண்டு தமிழில் ஒலிபெயர்த்துத் தருகின்றோம்.

ஸகாத் கணக்கையே சான்றாகக் கொள்வோம். கழிக்க வேண்டிய கடன் ஏதுமில்லா வணிகர் ஒருவர், ஓராண்டு நிறைந்தபின் கையிருப்பு 60,000, வங்கி இருப்பு 1,40,000, கடைச்சரக்கு 2,00,000 ரூபாய் என பி2 முதல் பி4 வரை எழுதுகிறார். பி6இல் =சம்(பி2:பி4) என இட்டால் 4,00,000 வரும். பி7இல் =பி6/40 என இட்டால் நாற்பதில் ஒரு பங்காகிய 10,000 வரும். பின்னர் மற்றொரு கடையின் சரக்கு 80,000 நினைவுக்கு வர, அதனை பி5இல் சேர்க்கிறார். வாய்பாடு பி4 அளவிலேயே நின்றிருப்பின் கூட்டுத்தொகை மாறாது. 12,000 கொடுக்க வேண்டியவர் 10,000 கொடுத்து மனநிறைவு கொள்வார். குறைந்த 2,000 ஏழையின் உரிமையாகும்.

இத்தகைய பிழை அறிஞரையும் விட்டதில்லை. ஹார்வர்டு பொருளியலாளர் ரைன்ஹார்ட், ரோகாஃப் ஆகியோர் 2010இல் வெளியிட்ட அரசுக்கடன் ஆய்வில், சராசரி வாய்பாட்டின் எல்லை குறுகியதால் ஐந்து நாடுகள் விடுபட்டன. அதனை 2013இல் கண்டறிந்தவருள் ஒருவர் தாமஸ் ஹெர்ன்டன் என்னும் ஆராய்ச்சி மாணவர்.

மதிப்பெண் பட்டியலிலும் கவனம் தேவை. ஒரு மாணவர் இரு தேர்வுகளில் 60, 80 பெற்று, மூன்றாவதை எழுதவில்லை என்க. அக்கட்டம் வெறுமையாயின் =ஆவரேஜ்(பி2:டி2) தரும் விடை 70; சுழியம் இடின் ஏறத்தாழ 46.67. எது நீதி என்பதைக் கணினி அறியாது. ஆசிரியரே முடிவு செய்தல் வேண்டும்.

நிபந்தனைக்குரியது ‘இஃப்’ வாய்பாடு. புள்ளலூர் மாணவர் அறிந்த உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரிய உறுப்பினர் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என விதித்தது. இதனையே =இஃப்(ஆண்ட்(பி2>35,பி2<70),"தகுதி","தகுதியின்மை") என எழுதலாம். அக்கல்வெட்டு, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் 2:282 பணிக்கிறது.

ஆகவே மாணவர்களே! விடையைக் கண்டவுடன் தாளை மூடாதீர். கட்டத்தைச் சொடுக்கி, வாய்பாடு எதுமுதல் எதுவரை கூட்டுகிறது என நோக்குக. சில வரிகளைக் கையால் கூட்டிச் சரிபார்க்க. கூட்டுவது கணினியின் பணி. பொறுப்பேற்பது நம் கடமை.