பறவை அடையும் ஏரித் தண்ணீர் பயிருக்கு எரு

கடலை, கரும்பு, முந்திரி என்று ஓயாமல் பாடுபடும் கந்தர்வக்கோட்டை வட்டார விவசாயிகளுக்குப் பறவை பார்க்கப் போவது வேலையற்ற வேலையாகத் தோன்றலாம். ஆனால் குளத்துப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் ஒருநாள் ஒதுக்கி வடுவூர் ஏரிக்குப் போய் வந்தால் பஸ் கட்டணம் வீண்போகாது. தஞ்சாவூர் சென்று, மன்னார்குடி பஸ்ஸில் ஏறினால் சுமார் 25 கிலோ மீட்டரில் வடுவூர்.

இது காவிரித் தண்ணீரை நம்பியுள்ள பாசன ஏரி. பரப்பு 128 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 316 ஏக்கர். 1999 ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலைகளின் பட்டியலிலும் சேர்ந்தது. ஆகஸ்டு வாக்கில் தண்ணீர் ஏறி, ஏப்ரலில் ஏரி வறண்டுவிடும். கார்த்திகை, மார்கழியில் பறவைக் கூட்டம் அதிகம். கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, கிளுவை, ஊசிவால் வாத்து எல்லாம் கண்ணில் படும். எல்லாமே சைபீரியாவிலிருந்து வருபவை என்று பலர் சொல்வது சரியல்ல. ஊசிவால் வாத்து போன்றவைதான் இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து போகின்றன. கூழைக்கடாவும் நாரையும் தண்ணீரைத் தேடி ஊர் மாறும் நம் நாட்டுப் பறவைகளே.

இவற்றால் விவசாயிக்கு என்ன லாபம்? இதற்கு வேடந்தாங்கல் விவசாயிகள் எப்போதோ பதில் கண்டுவிட்டார்கள். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்து பாயும். ஆகவே பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்கார சிப்பாய்களை எதிர்த்து ஊரார் செங்கற்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798 ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஏற்றுச் சாசனம் கொடுத்தார். 1858 இல் அது புதுப்பிக்கப்பட்டது. வனத்துறைச் சட்டங்கள் எதுவும் வராத காலம் அது. எருவின் அருமை தெரிந்த குடியானவர்களே பறவைக்குக் காவல் இருந்தார்கள்.

எச்சம் எவ்வளவு வீரியமானது என்பதைக் கோழி எருவைக் கொண்டு ஊகிக்கலாம். தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். கோழி எருவில் அது சுமார் 3 பங்கு. பறவை அடையும் ஏரியின் ஆயக்கட்டில் பயிர் செய்வோர் பழக்கத்துக்காக யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். இலை வண்ண அட்டையை வைத்துப் பயிரின் பச்சையைப் பார்த்த பிறகே மேலுரம் இடலாம். தழைச்சத்து மிஞ்சினால் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும்.

நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கி நத்தையையும் நண்டையும் தின்கிறது. வரப்பில் வளை போடும் நண்டு குறைவது நல்லதுதானே!

நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது. நேரடி விதைப்பு வயலிலும் நாற்றங்காலிலும் கிளுவைகள் இரவில் இறங்கி விதையைத் தின்பதுண்டு. முளைத்து வேர் பிடிக்கும்வரை சில நாட்கள் காவல் இருக்கத்தான் வேண்டும். அதற்காகக் குருணை மருந்தை நெல்லில் கலந்து வைப்பது பெருங்கேடு. பறவையோடு நாயும் கோழியும் சாகும். வாய்க்கால் தண்ணீரும் கெடும். மடையான், கொக்கு போன்றவற்றைக் கண்ணி வைத்துப் பிடித்துக் கறிக்கு விற்பதும் 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நம் பக்கம் பறவை வராததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தூர்ந்த குளத்தில் தை மாதத்திலேயே தண்ணீர் நிற்பதில்லை. 2018 நவம்பர் 16 இல் அடித்த கஜா புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்ததைப் போலக் குளத்து மரங்களும் சாய்ந்தன. தோட்டத்தில் மறு கன்று நட்டவர்கள் குளத்தில் நடவில்லை. வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கும் ஊர்கள், ஊராட்சியையும் கலந்துகொண்டு, குளத்தின் நடுவில் இரண்டொரு மண் திட்டு விட்டு நாட்டுக் கருவேலங் கன்றுகளை நடலாம். தண்ணீர் சூழ்ந்த மரத்தில் பூனையும் கீரியும் ஏறமாட்டா. பறவை தைரியமாகக் கூடு கட்டும். சீமைக் கருவேல் வேறு, இது வேறு. கன்று வாங்கும்போது கவனித்து வாங்கவும்.

சத்தமும் கூடாது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப்பட்டி சரணாலயத்தை ஒட்டிய கிராமங்களில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளும் இதற்குப் பழகிவிட்டார்கள்.

வடுவூர் போகிறவர்கள் விடியற்காலை அல்லது சாயங்காலம் ஏரிக்கரையில் இருக்கும்படி புறப்படவும். நடுப்பகலில் பறவைகள் பெரும்பாலும் இரை தேடி வயல்களுக்குப் போய்விடும்.