தைராய்டு மாத்திரை: சரியான அளவும் ஆறு வாரப் பொறுமையும்

ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைப் பெரும்பாலும் கால் சதவீதம் கால் சதவீதமாகவே மாற்றுகிறது. மாற்றத்தின் விளைவு கடன் வட்டியிலும் விலைவாசியிலும் தெரியச் சில மாதங்கள் ஆகும். அதைக் கவனித்த பின்னரே அடுத்த முடிவு. தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மருந்தின் அளவை நிர்ணயிப்பதும் ஏறத்தாழ இதே முறையில்தான். இதை அறியாததால் நம்மில் பலர் பத்தே நாளில் பலன் தெரியவில்லை என்று மருந்தை நிறுத்திவிடுகிறோம். அல்லது மருத்துவரை மாற்றுகிறோம்.

கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. உடல் எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பதை இதன் சுரப்பே தீர்மானிக்கிறது. அது குறையும்போது சோர்வு, மறதி, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், எடை கூடுதல், குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு ஆகியவை மெல்ல மெல்லத் தலைகாட்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்ல முடியும் என்பதால் ஆண்டுக்கணக்கில் நோய் கண்டறியப்படாமலே போகிறது. இதற்கிடையே வீட்டில் 'சோம்பல்' என்றும், அலுவலகத்தில் 'அக்கறையின்மை' என்றும் பெயர் வந்துவிடுகிறது. இக்குறைபாடு ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம். சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்கு இது இருந்தது.

அயோடின் உப்பைத்தானே உண்கிறோம், பிறகு ஏன் வருகிறது என்று பலரும் கேட்கின்றனர். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்குவதுதான் முதன்மைக் காரணம். ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912இல் விவரித்ததால் இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பரிசோதனை அறிக்கையில் வரும் டி.எஸ்.எச். என்பது தைராய்டின் சுரப்பு அன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தவணை வராத கணக்குக்கு வங்கி நினைவூட்டுக் கடிதம் அனுப்புவதைப் போன்றது இது. நிலுவை கூடினால் கடிதமும் கூடும். ஆகவே, பொதுவாக டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறது என்று பொருள்.

இதற்கான மருந்து லீவோதைராக்ஸின். நம் உடலில் சுரக்கும் தைராக்ஸினும் இதுவும் ஒன்றே. சுரப்பு முற்றிலும் நின்றுபோன ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தேவைப்படலாம். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 100 மைக்ரோகிராம். முதியவர்களுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். உட்கொண்ட மருந்தில் பாதி குறையவே ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். அதனால் புதிய அளவு இரத்தத்தில் நிலைபெற ஆறு வாரம் வேண்டும். அளவை மாற்றிய ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுபரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

அளவு சரியாக இருந்தும் பலன் கிட்டாமற்போவது உண்டு. மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் உடலில் சேரும் மருந்து குறையும். அதிகாலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, காபிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. முடி வளர்ச்சிக்காக உண்ணும் பயோட்டின் பரிசோதனை முடிவையே பிறழச் செய்யக்கூடும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மருந்தின் நிறுவனப் பெயர் மாறினாலும் அவரிடம் சொல்வது நல்லது.

சோர்வு நீங்கவில்லையே என்று நாமே அளவைக் கூட்டுதல் ஆகாது. அளவு மிகுந்தால் படபடப்பு, தூக்கமின்மை, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை, எலும்புத் தேய்மானம் ஆகியவை நேரலாம். டி.எஸ்.எச். சரியாகிவிட்டது என்று தாமே நிறுத்துவதும் தவறு. மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது. டி.எஸ்.எச். சீராகிப் பல வாரங்கள் ஆன பின்னும் சோர்வு நீடித்தால் இரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை நோய், உறக்கக் கோளாறு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

கருவுற்ற பெண்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸினே ஆதாரம். ஏற்கெனவே மாத்திரை உட்கொள்பவர்களுக்கு அப்போது தேவை பெரும்பாலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை கூடும். கரு உறுதியானவுடனேயே மருத்துவரை அணுகுவது நலம்.

ஒரு சிறு நோட்டில் தேதி, மருந்தின் பெயர், அளவு, டி.எஸ்.எச். ஆகியவற்றை வரிசையாக எழுதி வைப்போம். பாஸ்புக்கைப் போல, நான்கைந்து பதிவுகள் சேர்ந்தாலே போக்கு விளங்கும். ஊர் மாறிப் புதிய மருத்துவரிடம் செல்லும்போதும் கைகொடுக்கும். மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்திலும் இக்குறைபாட்டை மறைக்காமல் குறிப்பிடுவோம். வீட்டில் யாரேனும் காரணமின்றிச் சோர்ந்திருந்தால், சோம்பல் என்று சொல்லும் முன் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம்.