மூட்டில் வருவதெல்லாம் வாதம் அல்ல

விருத்தாசலம் பீங்கான் ஊர். களிமண் பிசைபவர்கள், அச்சில் ஊற்றுபவர்கள், சூளையில் அடுக்கி இறக்குபவர்கள், பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பெண்கள் எனப் பலரும் நாள் முழுக்கக் குந்தியும் குனிந்தும் வேலை செய்கிறார்கள். முழங்கால், தோள், மணிக்கட்டு என்று ஏதாவது ஒரு வலி இல்லாத வீடு குறைவு. "ஹஸ்ரத், நாற்காலியில் உட்கார்ந்து தொழலாமா?" என்று கேட்க வருபவர்கள் மருத்துவ அறிக்கையையும் கொண்டுவருகிறார்கள். என்ன நோய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வாதம்னு சொன்னாங்க."

அறிக்கையில் இருப்பதோ வெவ்வேறு நோய்கள். வாதம் என்ற சொல்லின் மீது குற்றமில்லை. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் அது ஒன்று. வாத நோய்களை மட்டும் 80 வகையாகப் பிரித்தவர்கள் சித்தர்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது நாம்தான்.

ஆங்கில மருத்துவப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கத் துண்டுகளால் ஆனவை. 'ஆர்த்ரோ' மூட்டு, 'மயோ' தசை, 'ஆஸ்டியோ' எலும்பு. இறுதியில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, அதாவது வீங்கிச் சூடாகி வலிப்பது. 'ஆல்ஜியா' வந்தால் வலி. ஆகவே மயால்ஜியா என்றால் தசை வலி, ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டு அழற்சி. மதரஸாவில் ஸர்ஃப் படித்த பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி.

ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பது மூட்டுத் தேய்மானம். பீங்கான் மேல் கிளேஸ் பூச்சு இருப்பதுபோல எலும்பு முனைகளின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. உடைந்த எலும்பு கூடும். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லாததால் தேய்ந்தது எளிதில் மீள்வதில்லை. ஆனால் உடல் எடையைக் குறைத்து, தொடைத் தசையைப் பலப்படுத்தினால் வலி குறையும். நாற்காலித் தொழுகை பற்றிக் கேட்பவர்களில் அதிகம் பேர் இவர்கள்தான். நிற்க முடியவில்லையா, மடக்க முடியவில்லையா என்பதை மருத்துவரிடம் கேட்டு வந்தால்தான் நம்மால் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வேறு. தமிழில் முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கும். காலையில் வெகுநேரம் விரல்கள் மடங்காது. முப்பது, நாற்பது வயதிலும் வரும், பெண்களுக்கு அதிகம். "வயசானா வர்றதுதானே" என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஓரிரு வருடம் கழித்தால் மூட்டு கோணிவிடும்; பிறகு மருந்தால் நிமிர்த்த முடியாது. இதற்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெயரில் இதற்குப் பக்கத்தில் நிற்பது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைத் தொற்றுக்குப் பின் பிள்ளைகளுக்கு வருவது. மூட்டு வலி போய்விடும், இதய வால்வு கெட்டுவிடும். மருத்துவர் எழுதிய பென்சிலின் ஊசியை "வலிதான் இல்லையே" என்று நிறுத்தக் கூடாது. பக்கவாதமோ மூட்டு நோயே அல்ல. மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவது அல்லது வெடிப்பது. வாய் கோணி, ஒரு கை தளர்ந்தால் எண்ணெய் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம்.

இந்தப் பிரிவினை புதிதல்ல. இப்னு ஸீனா (980–1037) தமது 'அல் கானூன்' நூலில் மூட்டு வலிகளையும், 'நிக்ரிஸ்' எனும் கவுட்டையும், இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் 'இர்குன் நஸா'வையும் தனித்தனிப் பெயரிட்டே பேசுகிறார். கடைசியாகச் சொன்னதைத்தான் இன்று சயாட்டிகா என்கிறார்கள். யுனானி மருத்துவர்கள் இன்றும் இதே பெயர்களைப் புழங்குகிறார்கள்.

தமிழிலும் முயற்சி நடந்தது. 1847-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலான கிரேயின் அனாட்டமி 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. அந்தச் சொற்கள் மக்கள் வாயில் நிலைக்கவில்லை என்பது வருத்தம்தான்.

நிலைத்த சொற்களிலோ குழப்பம். எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட்டும், தசையை எலும்போடு கட்டும் டெண்டனும் நம் பேச்சில் 'தசைநார்' ஆகிவிடுகின்றன. கிரிக்கெட் ஆடி முழங்காலில் லிகமென்ட் கிழிந்தவனுக்கும் தசைநார், பிறவி மரபணுக் கோளாறால் தசையே படிப்படியாக நலியும் மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி பிள்ளைக்கும் தசைநார். முதலாவது சிகிச்சையில் தேறுவது. இரண்டாவதற்கு 'தசைச் சிதைவு நோய்' என்றே சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.